கம்ப்ரசர் முள் ஏறவில்லையா? கழற்றும் முன் கவனியுங்கள்

ஆழ்துளைக் கிணற்றில், அதாவது நாம் போர் என்று சொல்கிற குழாய்க் கிணற்றில், கம்ப்ரசர் வைத்துத் தண்ணீர் எடுப்பது கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துப் பாறை பூமிக்காரர்களுக்கு நன்றாகப் பழக்கப்பட்ட சங்கதி. நீர்மூழ்கி மோட்டார் வந்த பிறகு கம்ப்ரசர் குறைந்துதான் போயிருக்கிறது. ஆனாலும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஊறுகிற போரிலும், மணலும் சேறும் கலந்து வருகிற போரிலும் இன்றைக்கும் கம்ப்ரசரை வைத்திருக்கிறார்கள். காரணம், போருக்குள்ளே சுற்றுகிற பாகம் ஒன்றுமே கிடையாது. மணல் வந்தாலும் தேய்வதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர் வற்றினாலும் எரிந்து போக ஒன்றுமில்லை. கரண்ட் வராத தோட்டத்தில் இதையே டீசல் என்ஜினில் பெல்ட் மாட்டி ஓட்டுகிறார்கள்.

இப்படி ஓட்டுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "என்ஜின் ஓடுதுங்க, கம்ப்ரசரும் ஓடுதுங்க, ஆனா மீட்டர் முள்ளு ஏற மாட்டேங்குது. தண்ணியும் பாதியாப் போச்சு." உடனே என்ன செய்கிறோம்? டவுனுக்கு ஆள் அனுப்பி மெக்கானிக்கைக் கூட்டி வருகிறோம். அவர் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்து, ரிங் மாற்ற வேண்டும் என்கிறார். நாலு நாள் ஆகிறது. வாழையோ மஞ்சளோ வாடி நிற்கிறது. பணமும் செலவாகிறது. எல்லாம் பூட்டி ஓட்டிப் பார்த்தால் முள் பழைய இடத்திலேயே நிற்கிறது! தலைவலிக்குத் தலையணையை மாற்றிய கதைதான்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், முள் இறங்குவதற்குக் காரணம் மூன்று இடத்தில் இருக்கலாம். ஒன்று, கம்ப்ரசர் காற்றைச் சரியாகத் தயாரிக்காமல் இருக்கலாம். இரண்டு, தயாரித்த காற்று வழியில் கசிந்து போகலாம். மூன்று, கம்ப்ரசரும் குழாயும் நன்றாகவே இருந்து, போரில் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம். இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு கயிறும், கொஞ்சம் சோப்புத் தண்ணீரும், அரை மணி நேரமும் போதும்.

முள் எதைக் காட்டுகிறது?

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். போரில் காற்றுக் குழாயின் அடி நுனி தண்ணீருக்குள் முங்கியிருக்கிறது. அந்த நுனி வழியாகக் காற்று வெளியே வரவேண்டுமானால், அதன் மேலே நிற்கிற தண்ணீரின் கனத்தைத் தள்ள வேண்டும். மீட்டர் முள் காட்டுவது முக்கியமாக அந்தத் தண்ணீரின் கனத்தைத்தான். கம்ப்ரசரின் பலத்தை அல்ல.

இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. 100 அடி உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 43 பவுண்டு அழுத்தம். அதாவது பத்து அடிக்கு நாலு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. கிலோக் கணக்கில் சொன்னால் 33 அடிக்கு ஒரு கிலோ. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பாதி ரிப்பேர் புரிந்துவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். காற்றுக் குழாய் 300 அடி ஆழத்தில் இறங்கியிருக்கிறது. என்ஜினைப் போடுவதற்கு முன் நீர்மட்டம் 100 அடியில் நிற்கிறது. அப்படியானால் குழாய் நுனிக்கு மேலே 200 அடி தண்ணீர். என்ஜினைப் போட்டதும் முள் ஏறி 87 பவுண்டு வரைக்கும் போகும். அப்போதுதான் காற்று வெளியே வரத் தொடங்கும். காற்றுக் குமிழி கலந்த தண்ணீர் கனம் குறைந்து போவதால், சுற்றியிருக்கிற கனமான தண்ணீர் அதை மேலே தள்ளிவிடும். தண்ணீர் கொட்ட ஆரம்பித்ததும் போருக்குள் மட்டம் இறங்கும். 160 அடிக்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். இப்போது நுனிக்கு மேலே 140 அடிதான். முள்ளும் 60 பவுண்டு பக்கத்தில் வந்து நிற்கும். குழாயின் உராய்வுக்காக ஒன்றிரண்டு பவுண்டு கூடக் காட்டலாம்.

ஆகவே, தண்ணீர் வரத் தொடங்கியதும் முள் இறங்குவது இயற்கை. அது கோளாறு இல்லை. இதைக் கண்டு பயந்து கம்ப்ரசரைக் கழற்றினவர்களும் இருக்கிறார்கள்.

கை வைப்பதற்கு முன்னால்

சோதனை செய்யும் முன் சில எச்சரிக்கைகள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். தோளில் துண்டு வேண்டாம். பெல்ட் ஓடும்போது அதன் பக்கத்தில் கையோ துணியோ போகக் கூடாது. எதையும் முறுக்கவோ கழற்றவோ வேண்டுமென்றால் என்ஜினை நிறுத்தி, டேங்கில் உள்ள காற்றை முழுவதும் வெளியேற்றி, முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான். முள் பூஜ்யத்துக்கு வரவே இல்லை, அல்லது தட்டினால்தான் அசைகிறது என்றால் மீட்டரே கெட்டிருக்கிறது. அப்போது முதலில் மாற்ற வேண்டியது மீட்டர்தான். மூடிய அறைக்குள் டீசல் என்ஜினை ஓட்டாதீர்கள். அந்தப் புகை உயிருக்கு ஆபத்து.

சேப்டி வால்வின் வளையத்தை இழுத்துப் பாருங்கள். டேங்கில் காற்று இருக்கும்போது இழுத்தால் 'புஸ்' என்று விட வேண்டும். விட்டதும் மூடிக்கொள்ள வேண்டும். துருப்பிடித்து அசையாமல் இருந்தால் கம்ப்ரசரை ஓட்டவே கூடாது.

முதல் சோதனை: வால்வை மூடிப் பார்ப்பது

இந்தச் சோதனை டேங்க் உள்ள கம்ப்ரசருக்கு மட்டும்தான். டேங்க் இல்லாமல் நேரே குழாயில் காற்று போகிற அமைப்பில் வால்வை மூடினால் அழுத்தம் நொடியில் ஏறிவிடும். அங்கே இதைச் செய்ய வேண்டாம்.

டேங்கிலிருந்து போருக்குப் போகும் வால்வை மூடிவிட்டு என்ஜினைப் போடுங்கள். ஓர் ஆள் மீட்டரைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. கம்ப்ரசர் தகட்டில் எழுதியிருக்கிற அழுத்தத்துக்கு மேலே போக விடாதீர்கள். அதற்குள்ளாக என்ஜினை நிறுத்திவிடுங்கள். எத்தனை நிமிஷத்தில் ஏறியது என்று கடிகாரத்தில் பாருங்கள். நிறுத்திய பிறகு பத்து நிமிஷம் முள்ளைக் கவனியுங்கள். சூடான காற்று ஆறுவதால் முள் கொஞ்சம் இறங்கும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

முள் வழக்கம்போல் சீக்கிரம் ஏறி, நிறுத்திய பிறகும் அங்கேயே நின்றால் கம்ப்ரசரும் டேங்கும் நல்ல நிலையில் இருக்கின்றன. கோளாறு போர்ப் பக்கம்.

முள் மெதுவாக ஏறி, நிறுத்திய பிறகு அங்கேயே நின்றால் கசிவு இல்லை. கம்ப்ரசர்தான் காற்றைக் குறைவாகத் தயாரிக்கிறது.

நிறுத்திய பிறகு முள் மளமளவென்று இறங்கினால் காற்று எங்கேயோ கசிகிறது.

பார்த்தீர்களா? ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

கசிவு என்றால்

ஒரு குவளையில் சோப்பைக் கரைத்து, பழைய பிரஷ்ஷால் டேங்க் ஜாயிண்ட், மீட்டர் அடி, சேப்டி வால்வு, அடியில் உள்ள தண்ணீர் வடிக்கும் திருகு, குழாய் இணைப்பு எல்லாவற்றிலும் தடவுங்கள். நுரை கொப்பளிக்கிற இடம் கசிகிற இடம். வடி திருகில் ஒரு துணுக்குத் துரு மாட்டியிருந்தாலே போதும், காற்று நாள் முழுக்கப் போய்க்கொண்டிருக்கும். இணைப்பு கசிந்தால் காற்றை வெளியேற்றிவிட்டு, டேப் சுற்றி மறுபடி முறுக்குங்கள். டேங்கின் தகடே துருவி ஓட்டையாகியிருந்தால் அதற்கு ஒட்டு வைக்கிற வேலை வேண்டாம். அந்த டேங்கை மாற்றிவிடுவதுதான் உயிருக்கு நல்லது.

வெளியே எங்கேயும் நுரை இல்லை, ஆனால் என்ஜின் நின்ற பிறகு ஏர் பில்டர் வாயில் 'ஸ்ஸ்' என்று சத்தம் வருகிறதா? அப்படியானால் டேங்கின் காற்று கம்ப்ரசர் ஹெட் வழியாகத் திரும்பி வருகிறது. டேங்க் வாயில் உள்ள ஒருவழி வால்வும், ஹெட்டில் உள்ள வெளித்தள்ளும் வால்வும் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

காற்றே குறைவு என்றால்

இங்கேதான் பலரும் நேரே ரிங்குக்குப் போய்விடுகிறார்கள். ரிங் கடைசி. செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

ஏர் பில்டர்: கம்ப்ரசர் மூச்சு விடுவது இதன் வழியாகத்தான். புழுதியும் பஞ்சும் அடைத்திருந்தால் எப்படிக் காற்று வரும்? கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ரொம்ப அடைத்திருந்தால் புதுசு போடுங்கள். பில்டரைப் பெட்ரோலில் கழுவி ஈரத்தோடு மாட்டாதீர்கள்; ஹெட்டுக்குள்ளே உள்ள சூட்டில் தீப்பிடித்து வெடிக்கும். அதேபோல் பில்டர் இல்லாமலும் ஓட்டாதீர்கள். உள்ளே போகிற புழுதி சிலிண்டரைத் தின்றுவிடும்.

பெல்ட்: என்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டை விரலால் அழுத்துங்கள். அரை அங்குலம், முக்கால் அங்குலம் இறங்கலாம். அதற்கு மேலே தொங்கினால் பெல்ட் வழுக்குகிறது. ரப்பர் கருகின வாசனை, புல்லி அடியில் கறுப்புத் தூள், இவையெல்லாம் வழுக்கலுக்கு அடையாளம். குங்கிலியப் பொடி தூவிச் சமாளிப்பது சரியான வைத்தியம் இல்லை. என்ஜினை நகர்த்தி இழுத்துக் கட்டுங்கள். இரண்டு பெல்ட் ஓடுகிற இடத்தில் ஒன்று அறுந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

என்ஜின் வேகம்: கம்ப்ரசர் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அந்த அளவுக்குத்தான் காற்று. கணக்கு இதுதான்: என்ஜின் சுற்றை என்ஜின் புல்லி அளவால் பெருக்கி, கம்ப்ரசர் சக்கரத்தின் அளவால் வகுக்க வேண்டும். 1500 சுற்று என்ஜின், 6 அங்குலப் புல்லி, கம்ப்ரசர் சக்கரம் 15 அங்குலம் என்றால் கம்ப்ரசர் 600 சுற்று சுற்றும். புல்லி உடைந்தது என்று கிடைத்த 5 அங்குலப் புல்லியை மாட்டினால் 500 சுற்றுதான். காற்றில் ஆறில் ஒரு பங்கு போயிற்று! கம்ப்ரசர் தகட்டில் எத்தனை சுற்று என்று போட்டிருக்கிறதோ அதற்கு ஏற்ற புல்லியை மாட்டுங்கள். கூடுதல் காற்று கிடைக்கும் என்று அதைத் தாண்டியும் போக வேண்டாம்.

என்ஜின் சும்மா ஓடும்போது சரியான வேகம் இருந்து, சுமை ஏறியதும் தளர்ந்து போனால் டீசல் பில்டர் அடைப்பு, டீசல் குழாயில் காற்று, என்ஜினின் ஏர் பில்டர் அடைப்பு இவற்றைப் பாருங்கள். இன்னொரு குறிப்பும் உண்டு. முள் ஏறவில்லை, என்ஜினும் சுமையே இல்லாததுபோல் லேசாக ஓடுகிறது என்றால் காற்று அமுங்கவே இல்லை என்று பொருள். அப்போது பெல்ட்டையும் வால்வையும் சந்தேகப்படுங்கள்.

சுற்றும் திசை: என்ஜினை இடம் மாற்றி வைத்தவர்கள் இதைப் பார்க்க வேண்டும். கம்ப்ரசர் சக்கரத்தில் அம்புக்குறி இருக்கும். சக்கரத்தின் ஆரங்களே விசிறிபோல் ஹெட்டுக்குக் காற்று வீசுகின்றன. திசை மாறிச் சுற்றினால் ஹெட் சூடாகும். சூடானால் காற்றும் குறையும். ஹெட்டைச் சுற்றியுள்ள மடிப்புகளில் எண்ணெயும் புழுதியும் அப்பியிருந்தாலும் இதே கதிதான்.

வால்வு: மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தால்தான் ஹெட்டுக்கு வர வேண்டும். ஓடும்போது பில்டர் வாய்க்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். உள்ளே மட்டும் இழுத்தால் நல்லது. இழுப்பதும் புஸ் என்று வெளியே தள்ளுவதுமாக இருந்தால் உள்ளிழுக்கும் வால்வு தகடு உடைந்திருக்கிறது, அல்லது கரி படிந்து மூடாமல் நிற்கிறது. அழுத்தம் ஏறாமல் ஹெட் மட்டும் அளவுக்கு மீறிச் சுட்டால் வெளித்தள்ளும் வால்வில் கோளாறு. தகட்டில் விரிசல் இருந்தால் அரம் போட்டுத் தேய்க்காதீர்கள். புதுத் தகடு போடுங்கள்.

ஹெட்டைத் திறந்தால் கேஸ்கெட் புதுசாகப் போட வேண்டும். அதுவும் கம்பெனி சொன்ன கனத்தில்தான் இருக்க வேண்டும். கிடைத்த தடித்த அட்டையை வெட்டி வைத்தால் பிஸ்டனுக்கு மேலே இடைவெளி கூடிப்போகும். அந்த இடைவெளியில் சிக்கிய காற்று வெளியே போகாமல் அமுங்குவதும் விரிவதுமாக இருக்கும். ரிப்பேர் செய்த பிறகு காற்று இன்னும் குறைந்தது என்று சொல்கிறவர்கள் இதைப் பாருங்கள். போல்ட்டுகளை ஒரு பக்கமாக முறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

ரிங்: எண்ணெய் தினமும் குறைகிறதா? எண்ணெய் ஊற்றும் இடத்து மூச்சுத் துளையில் காற்று பலமாக அடிக்கிறதா? தொட்டித் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா? இவையெல்லாம் இருந்தால்தான் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எண்ணெய் மிதக்கிற தண்ணீரை வீட்டுக்கோ மாட்டுக்கோ குடிக்க எடுக்காதீர்கள். எண்ணெயைக் கண்ணாடியில் குறித்த அளவுக்கு மேலே ஊற்றுவதும் தப்பு. மிஞ்சிய எண்ணெய்தான் வால்வில் கரியாகப் படிகிறது.

போர்ப் பக்கம் என்றால்

கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது, ஆனாலும் போருக்குக் காற்றை விட்டால் முள் ஏறவில்லை. இதற்குக் காரணம் இரண்டு. நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், அல்லது உள்ளே காற்றுக் குழாய் ஓட்டையாகியோ, ஜாயிண்ட் கழன்றோ இருக்கலாம். இரண்டிலும் முள் ஒரே மாதிரிதான் காட்டும். பிரித்துச் சொல்வது கயிறுதான்.

காலையில் என்ஜினைப் போடுவதற்கு முன், மெல்லிய கயிற்றில் சிறு குண்டைக் கட்டிப் போருக்குள் விடுங்கள். தண்ணீரைத் தொடும் இடத்தைக் குறித்து அடிக்கணக்கில் அளங்கள். பிறகு என்ஜினைப் போட்டு, முள் அதிகபட்சம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்.

முன்பு சொன்ன 300 அடிக் குழாயையே எடுத்துக்கொள்வோம். 87 பவுண்டு ஏறவேண்டிய முள் 52 பவுண்டோடு நின்றுவிட்டது. 52 பவுண்டு என்றால் 120 அடித் தண்ணீர். கயிற்றில் நீர்மட்டம் 180 அடி என்று வந்தால் கணக்கு நேராகிவிட்டது: 180-ம் 120-ம் சேர்ந்தால் 300. குழாய் நன்றாக இருக்கிறது. போரில்தான் தண்ணீர் இறங்கிவிட்டது. அதற்குப் பதிலாக, கயிறு பழையபடி 100 அடி என்றே காட்டினால்? 100-ம் 120-ம் சேர்ந்து 220. காற்று 300 அடியில் வரவில்லை, 220 அடிப் பக்கத்திலேயே வெளியேறுகிறது. அங்கே குழாய் ஓட்டை! குழாயை மேலே எடுக்கும்போது எந்த இடத்தைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது.

நீர்மட்டம் இறங்கியிருந்தால், போரில் ஆழம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துக் குழாயை இறக்கலாம். ஆனால் இறக்குகிற ஒவ்வொரு பத்தடிக்கும் ஆரம்ப அழுத்தம் நாலு பவுண்டுக்கு மேலே கூடும். கம்ப்ரசர் தகட்டில் உள்ள அளவுக்குள் அது அடங்குகிறதா என்று கணக்குப் போட்டுவிட்டு இறக்குங்கள். ஆழம் இல்லையென்றால் விட்டு விட்டு ஓட்டுவதுதான் வழி. ஊறவிட்டு எடுங்கள். குழாய் நீளத்தில் பாதியாவது தண்ணீரில் முங்கியிருந்தால் தண்ணீர் நன்றாக வரும். அது குறையக் குறையக் காற்று வீணாகி, டீசல் எரிந்ததுதான் மிச்சமாகும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். முள் ஏறவில்லை, அல்லது சேப்டி வால்வு அடிக்கடி திறக்கிறது என்று அதன் திருகை இறுக்குவதும், கம்பி போட்டுக் கட்டுவதும் வேண்டவே வேண்டாம். டேங்க் வெடித்தால் பம்புசெட் அறையும் நிற்காது, அறையில் நிற்கிற ஆளும் மிஞ்ச மாட்டார். போன தண்ணீர் மழை பெய்தால் வரும், உயிர் வராது.

சுவரில் நாலு கணக்கு

கடைசியாக ஒரு யோசனை. கம்ப்ரசர் நன்றாக ஓடுகிற காலத்திலேயே பம்புசெட் அறைச் சுவரில் சுண்ணாம்பால் நாலு கணக்கை எழுதி வையுங்கள். கயிற்றில் அளந்த நீர்மட்டம் எத்தனை அடி, தொடங்கும்போது முள் எத்தனை பவுண்டு, தண்ணீர் கொட்டும்போது எத்தனை பவுண்டு, வால்வை மூடினால் டேங்க் நிறைய எத்தனை நிமிஷம். கூடவே காற்றுக் குழாயின் நீளத்தையும் எழுதுங்கள். மாதம் ஒரு தடவை அளந்து, தேதியோடு அதன் அடியிலேயே குறித்து வாருங்கள். மாசி, பங்குனியில் மட்டம் எப்படி இறங்குகிறது என்று முன்கூட்டியே தெரியும். எத்தனை ஏக்கரில் பயிர் வைக்கலாம் என்று முடிவு செய்யவும் அது உதவும். மெக்கானிக் வந்து ரிங் மாற்ற வேண்டும் என்று சொன்னால், "அண்ணே, இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க" என்று சுவரைக் காட்டலாம். நல்ல மெக்கானிக் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். அவருக்கும் பாதி வேலை மிச்சம்.